தொலைவிலிருந்து ஒரு குரு: பெங்களூரு, மைசூர், பியானோ

1940 ஆகஸ்டு 3 அன்று பெங்களூரு அரண்மனையில் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலமானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பட்டத்துக்கு உரியவராக இருந்த தம்பி கண்டீரவ நரசிம்மராஜ உடையார் அதே ஆண்டு மார்ச் மாதம் பம்பாயில் இறந்துவிட்டிருந்தார். எனவே தம்பியின் மகன் ஜயசாமராஜேந்திர உடையார், இருபத்தொரு வயதில், செப்டம்பரில் அரியணை ஏறினார். மைசூர் வரலாற்று நூல்கள் இந்த வாரிசுரிமையை ஓரிரு வரிகளில் கடந்துவிடும். ஐரோப்பிய இசையின் வரலாற்றை எழுதுவோருக்கோ இந்த ஐந்து மாதங்களில் நிகழ்ந்த இரு மரணங்கள் வேறொன்றையும் குறிக்கின்றன. மேடைப் பியானோ கலைஞராக வேண்டும் என்று விரும்பிய ஓர் இளைஞரின் கனவு அத்துடன் முடிந்தது.

அந்தக் கனவு முடிந்த விதத்தைவிட, அதன்பின் அவர் என்ன செய்தார் என்பதே ஆய்வுக்குரியது. ஐரோப்பாவுக்குப் போய் ஆசிரியர் ஒருவரின் அருகில் அமர்ந்து கற்க வாய்ப்பில்லாத ஒருவர், ரொமான்டிக் காலப் பியானோ இசையின் உள்ளோசையை எப்படிக் கற்பது? இக்கேள்வியைச் சென்ற சில ஆண்டுகளில் இணையவழி வகுப்புகளில் அமர்ந்த பெங்களூரு மாணவர் பலர் தம்மை அறியாமலே மறுபடியும் கேட்டிருக்கிறார்கள். 2020-இல் புதிதாகப் பிறந்த கேள்வி போல இது பேசப்படுவதால், இதன் பழைய வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு தெளிவு. பியானோவில் சுரங்களைச் சரியாக வாசிப்பதைத் தொலைவிலிருந்து கற்பிப்பது பெரிய சிக்கலே அல்ல. எந்தக் கட்டையை எந்த விரல் எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பதை அச்சிட்ட தாள் சொல்லிவிடும். ஷோப்பான், ஷூமன், பிராம்ஸ், ரஹ்மானினவ் ஆகியோரின் இசையில் சிக்கல் அதற்கு அப்பால் தொடங்குகிறது. ஒரு சொற்றொடரின் உச்சத்தில் காலத்தை எவ்வளவு நீட்டுவது, நீட்டியதை எங்கே திருப்பிக் கொடுப்பது, ஐந்து சுரங்கள் சேர்ந்தொலிக்கும்போது எந்த ஒன்றை மேலே எழச் செய்வது, பெடலை முழுதாக விடுவதா பாதி விடுவதா: இவற்றுக்குத் தாளில் முழுமையான குறி கிடையாது. ‘ரூபாட்டோ’ என்று எழுதினால், எவ்வளவு என்று அது சொல்வதில்லை. ஷோப்பானிடம் நேரில் பயின்ற கரோல் மிக்குலி போன்றோர் விட்டுச்சென்ற சாட்சியத்தின்படி, இடக்கை காலத்தைத் தவறாமல் காக்க வேண்டும். வலக்கை அதன்மீது சுதந்திரமாகப் பேச வேண்டும். கருநாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமன்று. தாளம் கையில் நிலைத்து நிற்க, சாகித்தியம் அதன்மேல் முன்னும் பின்னும் ஊசலாடுவதை நம் பாடகர்கள் நாள்தோறும் செய்கிறார்கள். ஆனால் அதை எழுதிக் காட்டச் சொன்னால் அவர்களும் கைவிரிப்பார்கள்.

எழுதிக் காட்ட முயன்றவர்களும் இல்லாமல் இல்லை. சென்னையில் அ. மு. சின்னசாமி முதலியார் 1893-இல் தென்னிந்தியக் கீர்த்தனைகளை ஐரோப்பிய சுரக்குறிப்பில் அச்சிட்டார். தமிழ்க் கிறித்தவரான அவர், நேரில் கேட்க முடியாத ஐரோப்பியரும் இவ்விசையை அறிய வேண்டும் என்று நினைத்தார். ஐந்து கோட்டு முறையில் சுரங்கள் போய்ச் சேர்ந்தன. கமகங்கள் வழியில் நின்றுவிட்டன. சுப்பராம தீட்சிதர் தம் குடும்பச் சொத்தாகிய உருப்படிகளை வெளியிட வேண்டும் என்று ஊக்கியவர்களுள் முதலியாரும் ஒருவர். எட்டயபுரத்தில் 1904-இல் வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் கமக வகைகளுக்கென்றே தனிக் குறிகள் அமைக்கப்பட்டன. இன்றும் அந்நூலைத் திறந்து வாசிப்பவர், ஏற்கெனவே கேட்டறிந்த ராகத்தில்தான் அக்குறிகளை உயிர்ப்பிக்க முடிகிறது. கேட்டறியாத ராகத்தில் அவை ஊமையாகவே இருக்கின்றன. ஐரோப்பியப் பியானோ இசையைத் தாளிலிருந்து மட்டும் கற்க முயன்ற இந்தியரின் நிலை இதன் கண்ணாடிப் பிம்பம்.

ஐரோப்பாவிலேயே இச்சிக்கல் இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பேத்தோவனின் மாணவரும் லிஸ்ட்டின் ஆசிரியருமான கார்ல் செர்னி, 1830-களின் இறுதியில் பியானோ கற்பித்தல் குறித்த நூல் ஒன்றைக் கடித வடிவில் எழுதினார். நகரத்திலிருந்து தொலைவில் நாட்டுப்புறத்தில் வாழும் ஓர் இளம்பெண்ணுக்கு ஆசிரியர் எழுதும் கற்பனைக் கடிதங்கள் அவை. கைவைப்பு, விரல்முறை, அலங்காரச் சுரங்கள் என்று தொடங்கி, உணர்ச்சி வெளிப்பாடு வரை கடிதத்திலேயே பாடம் நடக்கும். 1839-இல் வந்த தம் பெருநூலான ஓபஸ் 500-இல், எந்தெந்த இடங்களில் வேகத்தைத் தளர்த்தலாம் என்று அவர் பட்டியலே கொடுத்தார்: முதன்மைப் பண் மீண்டும் வரும் இடம், ஒரு சொற்றொடர் அடுத்ததற்கு வழிவிடும் இடம் என்று. பட்டியல் பயனுள்ளதே. அதை அப்படியே பின்பற்றி வாசித்தால் இசை இலக்கணச் சுத்தமாகவும் சற்று மரமாகவும் இருக்கும் என்பது செர்னிக்கே தெரிந்திருக்கும். ஆக, தொலைநிலைப் பாடம் ரொமான்டிக் இசையோடு உடன்பிறந்தது. நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் பியானோ நுழைந்த வேகத்துக்கு ஆசிரியர்கள் பெருகவில்லை. அந்த இடைவெளியை அச்சு நிரப்பியது.

பெங்களூருக்கு இந்தப் பியானோ தண்டின் வழியாக வந்தது. 1809-இல் அமைந்த பாளையப் பகுதி, 1881-இல் மைசூர் உடையார்களிடம் ஆட்சி திரும்பிய பிறகும், ‘சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்’ என்ற பெயரில் 1947 வரை ஆங்கிலேயர் நிர்வாகத்திலேயே இருந்தது. அல்சூர், சிவாஜிநகர் ஆகிய பகுதிகளில் தமிழர் செறிந்து வாழ்ந்த அதே பாளையத்தில் தேவாலயங்களும் கிளப்புகளும் ஆங்கிலப் பள்ளிகளும் பியானோவை வைத்திருந்தன. நகரம் இரண்டாக இருந்தது போலவே அதன் இசையும் இரண்டாக இருந்தது. பேட்டைப் பகுதியில் ராமநவமிக் கச்சேரி. பாளையத்தில் பேண்டு வாத்தியமும் பாடகர் குழுவும்.

அங்கே பியானோ கற்றோர்க்குத் தரச்சான்று லண்டனிலிருந்து வந்தது. 1872-இல் நிறுவப்பட்ட டிரினிட்டி இசைக் கல்லூரியும், 1889-இல் தோன்றிய அசோசியேட்டட் போர்டும் பேரரசெங்கும் தேர்வுகளை விரித்தன. தேர்வாளர் கப்பலில் வருவார். ஊர் ஊராகச் செல்வார். ஒவ்வொரு மாணவரையும் சில நிமிடங்கள் கேட்டு மதிப்பெண் இட்டுச் செல்வார். தென்னிந்தியாவில் சென்னையின் மியூசி மியூசிகல் முதலிய இடங்கள் இத்தேர்வுகளின் மையமாயின. பிற்காலத்தில் தன்ராஜ் மாஸ்டரின் மாணவராக இருந்த இளையராஜா டிரினிட்டி கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றதைத் தமிழ் வாசகர் அறிவர். இந்தத் தேர்வு முறையைக் காலனியச் சான்றிதழ் மோகம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் மேற்கத்திய இசைக்கென ஒரு கல்லூரியும் இல்லாத ஊர்களில் ஒரு பாடத்திட்டத்தை, ஒரு படிவரிசையை, ஓர் எழுத்தறிவை அதுதான் நிலைநிறுத்தியது. அதன் குறை வேறிடத்தில் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் தேர்வாளரால் மாணவரின் வாசிப்பை அளக்க முடியும், வளர்க்க முடியாது. தவறான சுரம் மதிப்பெண்ணைக் குறைக்கும் என்பது மாணவருக்குத் தெரியும். தட்டையான சொற்றொடரை எப்படித் திருத்துவது என்பதை யாரும் உடனிருந்து காட்டுவதில்லை. தலைமுறை தலைமுறையாகத் ‘துல்லியமாக, ஆனால் உயிரில்லாமல்’ வாசிக்கும் பழக்கம் காலனி நகரங்களில் வேரூன்றியதற்கு மாணவரின் மனவளக் குறைவு காரணமன்று. கற்றலின் அமைப்பே காரணம்.

மைசூர் அரச குடும்பம் இந்த அமைப்பின் உள்ளேயும் வெளியேயும் நின்றது. கிருஷ்ணராஜ உடையார் வீணை, வயலின், பியானோ உள்ளிட்ட பல கருவிகளை வாசித்தவர். அரண்மனையில் மேற்கத்திய இசைக்குழு ஒன்று இயங்கியது. ஓட்டோ ஷ்மிட் என்னும் ஜெர்மானியர் அதை நடத்தினார். ஜயசாமராஜேந்திரரின் சகோதரி விஜயா தேவி ஒருபுறம் வீணை வெங்கடகிரியப்பாவிடம் வீணையும் மறுபுறம் பியானோவும் கற்று, டிரினிட்டியின் இறுதிப் படித் தேர்வில் தேறினார். மன்னரோ அரியணை ஏறிய பிறகும் தேர்வை விடவில்லை. லண்டன் கில்டுஹால் இசைப் பள்ளியின் லைசென்ஷியேட் பட்டம் பெற்றார்; 1945-இல் டிரினிட்டி கல்லூரி அவரைக் கௌரவ உறுப்பினராக்கியது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஒரு நாட்டை ஆளும் மன்னர் இன்னொரு நாட்டின் இசைத் தேர்வுக்குத் தயாராகிறார் என்பது விந்தைதான். ஆனால் அவருக்குத் தேர்வு போதவில்லை. தேர்வு தராத ஒன்றை அவர் இசைத்தட்டில் தேடினார்.

மைசூர் அரண்மனையில் இருந்த இசைத்தட்டுத் தொகுப்பு சுமார் 20,000 தட்டுகள் கொண்டது என்று சொல்லப்படுகிறது. எச்.எம்.வி. நிறுவனத்தின் தயாரிப்பாளர் வால்டர் லெக் மைசூருக்கு வந்து தங்கியபோது கண்டதைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். முப்பது வயதுகூட நிரம்பாத மன்னர், அரண்மனை ஒன்றில் கிடைத்தற்கரிய பதிவுகள் எல்லாம் அடங்கிய நூலகம், பலவகை ஒலிபெருக்கிகள், பல கிராண்டு பியானோக்கள். தட்டையும் பியானோவையும் அருகருகே வைத்த அந்த ஏற்பாடே ஒரு வகுப்பறை. தட்டில் ஒரு பகுதியைக் கேட்பது, பிறகு கட்டையில் கைவைப்பது, மீண்டும் ஊசியை எடுத்து அதே பள்ளத்தில் வைப்பது: இன்று திரையில் காணொளியைப் பின்னோக்கி நகர்த்தும் மாணவர் செய்வதும் இதைத்தான்.

லெக் வந்தது சும்மா அல்ல. 1945-இல் அவர் நிறுவிய பில்ஹார்மோனியா இசைக்குழுவுக்குப் பணம் தேவைப்பட்டது. மன்னருக்கு வேண்டியது வேறு. சந்தையில் கிடைக்காத சில இசைப்படைப்புகள் பதிவாக வேண்டும். அவற்றில் முதலிடம் நிகோலாய் மெட்னரின் படைப்புகளுக்கு.

மெட்னர் 1880 ஜனவரியில் மாஸ்கோவில் பிறந்தவர். மாஸ்கோ கன்சர்வேட்டரியில் சஃபோனவின் மாணவர். ரஹ்மானினவின் நெருங்கிய நண்பர். பதினான்கு பியானோ சொனாட்டாக்கள், மூன்று கான்செர்ட்டோக்கள், ‘ஸ்காஸ்கி’ என்னும் கதைத்தன்மை கொண்ட பல சிறு பியானோ உருப்படிகள், நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள். 1921-இல் ரஷ்யாவை விட்டு வெளியேறி, ஜெர்மனி, பிரான்ஸ் வழியாக 1930-களின் நடுவில் லண்டனின் கோல்டர்ஸ் கிரீன் பகுதியில் குடியேறினார். நவீன இசையின் போக்கை ஏற்காதவர். 1935-இல் ரஹ்மானினவின் பதிப்பகம் வெளியிட்ட ‘அருங்கலைத் தெய்வமும் நாகரிக மோகமும்’ என்று பொருள்படும் தலைப்புடைய நூலில், எல்லா இசைக்கும் அடியில் ஒரு மூலப்பாட்டு இருக்கிறது என்றும், இசைஞர் அதற்குச் செவிகொடுக்க வேண்டியவரே தவிர அதன் எஜமானர் அல்லர் என்றும் வாதிட்டார். காலத்தோடு ஒட்டாத இந்த மனிதருக்கு லண்டனில் மாணவர் சிலரும் வருமானம் குறைவாகவும் இருந்தன. போர்க்காலத்தில் இதய நோய் தாக்கியபோது ஈட்னா ஐல்ஸ் என்னும் மாணவியின் வீட்டாரே அவருக்கு அடைக்கலம் தந்தார்கள்.

மைசூரிலிருந்து வந்த உதவியின் அளவைப் பார்க்க வேண்டும். மெட்னரின் கான்செர்ட்டோக்களையும் பாடல்களையும் அறையிசையையும் பதிவு செய்யும் செலவை மன்னர் ஏற்றார். அத்துடன் பில்ஹார்மோனியாவுக்கு மூன்றாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 10,000 பவுண்டு தர ஒப்பினார் என்று லெக் எழுதுகிறார். ஒரு பவுண்டுக்கு பதின்மூன்று ரூபாய்க்குச் சற்று மேல் என்ற அன்றைய மாற்று விகிதத்தில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 1,33,000 ரூபாய். ‘மெட்னர் சொசைட்டி’ என்ற பெயரில் எச்.எம்.வி. தட்டுகள் வெளிவந்தன. இந்தச் ‘சொசைட்டி’ முறை லெக்கின் பழைய உத்தி. 1930-களில் ஷ்னாபெல் வாசித்த பேத்தோவன் சொனாட்டாக்களும் ஹ்யூகோ வோல்ஃபின் பாடல்களும் முன்பணம் கட்டிய சந்தாதாரரை நம்பியே பதிவாயின. மெட்னர் விஷயத்தில் சந்தாதாரர் கூட்டத்தின் இடத்தில் ஒரே ஒருவர் நின்றார்.

1947-இல் மூன்று கான்செர்ட்டோக்களையும் மெட்னரே வாசித்தார். முதலாவதற்கு ஜார்ஜ் வெல்டன், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இசாய் டோப்ரோவன் இசைக்குழுவை நடத்தினர். அறுபத்தேழு வயது, உடல்நலம் குன்றிய நிலை. பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கரை நிமிடம் அளவே பதிவாகும் என்பதால், அரைமணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓடும் முதல் கான்செர்ட்டோ பல துண்டுகளாக வெட்டப்பட்டு வாசிக்கப்பட்டது. 1944-இல் ஆல்பர்ட் அரங்கில் முதன்முறை ஒலித்த மூன்றாம் கான்செர்ட்டோவை மெட்னர் மைசூர் மன்னருக்குக் காணிக்கையாக்கினார். தொடர்ந்து ஓடா ஸ்லோபோட்ஸ்கயா, எலிசபெத் ஷ்வார்ட்ஸ்காஃப் ஆகியோருடன் பாடல்கள். பென்னோ மொய்செய்விச்சுடன் இரு பியானோக்களுக்கான ரஷ்ய வட்ட நடனம். 1951 நவம்பரில் மெட்னர் இறந்தார். இப்பதிவுகள் இல்லையென்றால், அவர் தம் கான்செர்ட்டோக்களை எப்படி வாசித்தார் என்பதற்கு இன்று நமக்கு எழுத்துச் சாட்சியம் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

இதை வள்ளன்மையின் கதையாக மட்டும் சொல்வது வழக்கம். கற்றலின் கதையாகவும் படிக்கலாம். மெட்னரின் சுரத்தாள்கள் குறிகளால் நிரம்பியவை. ஒரே பக்கத்தில் வேகம், தொனி, தொடுகை ஆகியவற்றுக்கு இத்தாலியச் சொற்கள் நெருக்கியடிக்கும். அவ்வளவு எழுதியும் போதாது என்ற நிலையில்தான் அந்தச் சொற்கள் பெருகியிருக்கின்றன. அவற்றுக்கு உரையாசிரியர் வேண்டும். மைசூரில் அமர்ந்திருந்த மாணவர், நூலாசிரியரையே உரையாசிரியராக்கித் தட்டில் அடைத்து வரவழைத்தார். மெட்னரின் வாசிப்பைக் கேட்போர் முதலில் கவனிப்பது அதன் அடக்கம். பெடல் குறைவு, தாளம் உறுதி, உணர்ச்சி பெருகும் இடத்திலும் குரல் உயர்த்தாத பேச்சு. ‘ரொமான்டிக்’ என்றாலே காலத்தைத் தாராளமாக இழுப்பது என்று நினைத்திருந்த மாணவருக்கு இது நல்ல அதிர்ச்சி. இழுக்காமலே நெகிழலாம் என்பதைச் சுரத்தாள் ஒருபோதும் கற்பித்திருக்காது.

ஆயினும் தட்டு ஒரு பேசாத குரு. அது வாசித்துக் காட்டும். மாணவர் வாசிப்பதைக் கேட்காது. மென்மையிலும் மென்மையான ஒலிகளை ஊசியின் கரகரப்பு விழுங்கிவிடும் என்பதால் பதிவில் மென்மைக்கும் வலிமைக்கும் இடையிலான தூரம் சுருங்கியிருந்தது. நான்கரை நிமிடத்துக்கு ஒருமுறை வரும் முறிவுகள் பெரிய வடிவத்தின் மூச்சை அறுத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, மீண்டும் மீண்டும் கேட்கப்படும் ஒரே வாசிப்பு மாணவரின் காதில் சட்டமாகிவிடும் ஆபத்து உண்டு. நேரில் கற்பிக்கும் ஆசிரியர் இன்று ஒருவிதமாகவும் நாளை வேறுவிதமாகவும் வாசிப்பார். அந்த வேறுபாட்டில்தான் எது மாறலாம், எது மாறக்கூடாது என்பதை மாணவர் உணர்கிறார். தட்டு என்றும் ஒரே மாதிரி வாசிக்கிறது.

இந்த வேறுபாட்டை ஜயசாமராஜேந்திரர் தம் வாழ்விலேயே அறிந்திருந்தார். கருநாடக இசையில் அவருக்கு மைசூர் வாசுதேவாச்சாரியார் நேர்முக ஆசிரியர். அந்தக் கல்வியின் விளைவாக அவர் இயற்றியவை 94 கிருதிகள், ஸ்ரீவித்யா உபாசனையின் முத்திரையோடு, அரிய ராகங்களையும் கையாண்டு. ஐரோப்பிய இசையில் அவரிடம் பட்டமும் தட்டுகளும் புகழ்பெற்ற நட்புகளும் இருந்தன. சொந்தப் படைப்பாக அவர் உலகறிய விட்டுச்சென்றது கருநாடக இசையில்தான். ஒரே மனிதர், ஒரே காது, ஒரே அரண்மனை. ஒரு மரபில் குரு அருகில் இருந்தார். மற்றதில் தட்டில் இருந்தார். இரண்டு விளைவுகளுக்கும் இதுவே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது: சமயப் பற்றும் தாய்மண்ணின் மரபும் சேர்ந்தே கிருதிகளைப் பிறப்பித்தன. ஆனால் தொலைநிலைக் கற்றலைப் பற்றி எழுதுவோர் இந்த ஒப்பீட்டைத் தவிர்க்க முடியாது.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். மெட்னர் லண்டனில் பதிவு செய்துகொண்டிருந்த 1947-இல்தான் மைசூரில் பொறுப்பாட்சி கோரி ‘மைசூர் சலோ’ போராட்டம் வெடித்தது. மன்னரின் சொந்தச் செலவுக்கான தொகையும் அந்நாட்டு வரிப்பணத்திலிருந்தே வந்தது. லண்டன் இசைக்குழுவின் நிலைபேற்றுக்கு மைசூர் விவசாயியும் பங்களித்தார் என்பதை மேற்கத்திய இசை வரலாறுகள் குறிப்பிடுவதில்லை. ‘இந்திய மகாராஜா’ ஒரு விந்தைப் பாத்திரமாக மட்டும் வந்து போகிறார். பில்ஹார்மோனியா கச்சேரிச் சங்கத்தின் முதல் தலைவர் என்ற முறையில் 1948-இலிருந்து அவர் பெயர் ஆவணங்களில் உண்டு. கரயான் நடத்திய பாலகிரெவின் முதல் சிம்பொனிப் பதிவு முதலியவற்றின் பின்னாலும் மைசூர்ப் பணம் இருந்தது. 1950 மே 22 அன்று லண்டனில் ரிச்சர்டு ஸ்ட்ராஸின் ‘நான்கு இறுதிப் பாடல்கள்’ முதன்முதலாக அரங்கேறின. கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட் பாட, ஃபுர்ட்வேங்லர் நடத்தினார். அந்நிகழ்ச்சிக்கு 4,800 டாலர் உத்தரவாதம் அளித்த மன்னர், அது பதிவாகித் தம்மிடம் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அரங்கில் அவர் இல்லை, தட்டில் கேட்டார். அப்போது அவர் ஆளும் மன்னர் அல்லர், குடியரசின் ராஜப்பிரமுகர். ஆண்டு மானியம் 26 லட்சம் ரூபாய் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. இத்தகைய கொடைகளின் காலம் அத்துடன் மங்கியது.

சகோதரி விஜயா தேவியின் வழி வேறு. கணவரின் பணி காரணமாக நியூயார்க் சென்ற அவர் அங்கே எடுவர்டு ஸ்டாய்யர்மானிடம் பியானோ பயின்றார். ஸ்டாய்யர்மான் புசோனியிடம் கற்றவர். ஷோன்பெர்க்கின் பியானோ கான்செர்ட்டோவை 1944-இல் முதன்முதலில் வாசித்தவர். தட்டில் கேட்பதும் பக்கத்தில் அமர்ந்து கற்பதும் ஒரே தலைமுறையில் ஒரே குடும்பத்தில் இப்படிப் பிரிந்து நின்றன. நாடு திரும்பிய விஜயா தேவி பெங்களூரில் இன்டர்நேஷனல் மியூசிக் அண்ட் ஆர்ட்ஸ் சொசைட்டியை நிறுவி, இந்திய, மேற்கத்தியக் கலைஞர்களை நகர மேடைக்குக் கொண்டுவந்தார். 1987-இல் அருணா சுந்தர்லால் பெங்களூர் ஸ்கூல் ஆஃப் மியூசிக்கைத் தொடங்கினார். வெளிநாட்டுக் கலைஞர்கள் வந்துபோகும்போது நடத்தும் சிறப்பு வகுப்புகளில் நகரத்து மாணவர்கள் முதன்முறையாகத் தட்டையும் தேர்வாளரையும் தாண்டிய ஒரு காதின் முன் வாசித்தார்கள். அப்படிப்பட்ட வகுப்பு ஒருநாள், இருநாள். மிச்ச நாள்கள் பழையபடியே.

2020-இல் பெருந்தொற்று வந்தபோது பெங்களூரு மாணவர்க்கு ஒரு வினோதமான வாய்ப்பு கிடைத்தது. உள்ளூர் ஆசிரியரும் திரையில், வியன்னா ஆசிரியரும் திரையில். தூரத்தின் படிநிலை ஒரே நாளில் அழிந்தது போலத் தோன்றியது. பேசாத குருவுக்குக் காது முளைத்ததும் உண்மையே. தட்டால் முடியாததை, மாணவர் வாசிப்பதைக் கேட்டுத் திருத்துவதை, திரை செய்தது. ஆனால் அந்தக் காது எப்படிப்பட்டது? கூட்டங்களுக்கென வடிவமைக்கப்பட்ட மென்பொருள் மனிதப் பேச்சையே ஒலி என்று கருதுகிறது. பின்னணியில் நீண்டு தேயும் எதையும் இரைச்சல் என்று கருதி நீக்குகிறது. பெடலில் பிடித்த பியானோ ஒலி மெல்லத் தேய்வது மின்விசிறியின் ஓசையைப் போன்றதே அதற்கு. ஷோப்பானின் நாக்டர்ன் ஒன்றில் கடைசிச் சுரம் கரைவதற்கு முன்பே அறுந்துபோனது. ஒலியளவைத் தானே சமன்செய்யும் ஏற்பாடு, மாணவர் மென்மையாக வாசித்தால் உயர்த்தியது. வலிமையாக வாசித்தால் தாழ்த்தியது. ஆசிரியர் ‘இன்னும் மெதுவாக’ என்று சொல்ல, மாணவர் எவ்வளவு மெதுவாக வாசித்தாலும் மறுமுனையில் அதே அளவே கேட்டது. வெளிப்பாடு என்று ரொமான்டிக் இசையில் எதைச் சொல்கிறோமோ, துல்லியமாக அதையே வடிகட்டி நீக்கும் கருவி. சுரங்கள் மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன, சின்னசாமி முதலியாரின் ஐந்து கோடுகளில் போனதைப் போல.

சூம் முதலிய மென்பொருள்களில் ‘அசல் ஒலி’ என்ற தெரிவு இதற்காகவே பரவலாகப் பயன்பட்டது. அதே ஆண்டில் இசைக்கென உயர்தர நிலையும் சேர்க்கப்பட்டது. தாமதத்தைத் தீர்க்க மட்டும் வழியில்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். பெங்களூருக்கும் லண்டனுக்கும் இடையே நேர்க்கோட்டில் 8,000 கிலோமீட்டர். எனவே ஒருவழிக்கே 40 மில்லிநொடி, இடையில் வேறெந்தத் தடையும் இல்லாவிட்டாலும். இருவர் சேர்ந்து வாசிக்க ஏறத்தாழ 30 மில்லிநொடிக்கு மேல் தாமதம் இருந்தால் தாளம் பின்வாங்கத் தொடங்கும். ஆகவே ஆசிரியர் கூடவே வாசித்தோ, தோளில் தட்டியோ, மூச்சை இழுத்தோ ரூபாட்டோவைக் கடத்துவது திரையில் நடவாது.

அனுபவமுள்ள ஆசிரியர்கள் கண்ட தீர்வு வரலாற்று மாணவருக்குச் சுவையானது. நேரடி வகுப்பை அவர்கள் பேச்சுக்கு ஒதுக்கினார்கள். வாசிப்பை மாணவர் நல்ல மைக்கில் தனியே பதிந்து முன்கூட்டியே அனுப்ப வேண்டும். ஆசிரியர் அதை நல்ல ஒலிபெருக்கியில் கேட்டு, எந்த நிமிடத்தில் எந்த நொடியில் என்ன என்று எழுதி அனுப்புவார். தாமும் அந்த இடத்தை வாசித்துப் பதிந்து இணைப்பார். செர்னியின் கடிதமும் மெட்னரின் தட்டும் சேர்ந்த வடிவம் இது. உடனுக்குடன் என்பதே இணையத்தின் பெருமையாகப் பேசப்பட்டது. உணர்ச்சி வெளிப்பாட்டைக் கற்பிக்க உதவியதோ அதன் தாமதித்துக் கேட்கும் வசதி. மாணவர் தம் வாசிப்பைத் தாமே திரும்பக் கேட்டு, இதுவா நான் வாசித்தது என்று திடுக்கிட்டதும் இந்த வழியில்தான். மைசூர் அரண்மனையின் 20,000 தட்டுகளாலும் அதைத் தந்திருக்க முடியாது.

தேர்வுகளும் அதே ஆண்டில் மாறின. டிரினிட்டியும் அசோசியேட்டட் போர்டும் காணொளிப் பதிவை ஏற்கத் தொடங்கின. கைகளும் முகமும் தெரியும்படி, இடையில் வெட்டாமல், ஒரே தொடர்ச்சியாக வாசித்துப் பதிய வேண்டும். கப்பலில் வந்த தேர்வாளர் இனி வரவேண்டியதில்லை. டிரினிட்டியின் வழக்கமான படித் தேர்வில் ஓர் உருப்படிக்கு 22 மதிப்பெண்: சரளத்துக்கும் துல்லியத்துக்கும் 7, கருவித் திறனுக்கு 7, வெளிப்பாட்டுக்கும் பொருளுணர்த்தலுக்கும் 8. மெட்னரின் ஒலி லண்டனிலிருந்து மைசூருக்குப் பயணம் செய்த திசைக்கு எதிர்த்திசையில், பெங்களூரு வீடுகளின் வரவேற்பறைப் பியானோக்கள் இப்போது கோப்புகளாக லண்டனுக்குப் பயணம் செய்கின்றன. அந்த 8 மதிப்பெண்ணுக்காக மாணவர் ஒலிவாங்கியைப் பியானோவுக்கு எவ்வளவு அருகில் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.